நான் பொருத்தனையை முறித்த மத்தியானம்

என் மகள் மெர்சியின் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் கண்டது நான் இல்லை. பூப்பாறையில் தையல் கடை வைத்திருப்பவர்தான் கண்டார். 1973 கிறிஸ்துமஸுக்குப் புதுச் சட்டை தைக்க அளவெடுத்துக்கொண்டிருந்தவர், நாடாவைக் கழுத்தில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

"டீச்சர், பாப்பாவுக்கு இங்க என்ன, நெல்லிக்கா மாதிரி உருளுது?"

தினமும் காலையில் அவளுக்கு இரட்டைச் சடை பின்னிவிடுகிறவள் நான். அந்தக் கழுத்தைத் தினமும் தொட்ட கை என் கை. எனக்குத் தெரியவில்லை. இந்தச் சாட்சியை எழுதுகிற இந்த நேரத்திலும் அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவில்லை.

நான் கேரள மலையில் சாந்தன்பாறைக்கு அருகே ஓர் ஏலத்தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என் கணவர் தேவசகாயம் அதே தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சூப்பர்வைசர். கல்யாணமாகி ஒன்பது வருஷம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை மெர்சி. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. வாய் ஓயாமல் பேசுவாள். கோயிலில் பாட்டு ஆரம்பித்தால் அவள் குரல்தான் முதலில் கேட்கும்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் கண்டமாலை, கழுத்தில் வருகிற காசக்கட்டி என்றார்கள். ஊசியும் மாத்திரையுமாக நான்கு மாதம் போயிற்று. கட்டி கரையவில்லை. பக்கத்தில் இன்னொன்று வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல், விடிகிற நேரத்தில் தலையணை நனையும்படி வேர்வை. பிள்ளை உருகிக்கொண்டே வந்தாள். கடைசியில் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். அங்கே சதை எடுத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் என் கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தவர் என்னைத் தாண்டி நடந்து போய், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று, டம்ளரைக் கையில் எடுத்தார். தண்ணீர் மொள்ளவில்லை. வெறும் டம்ளரைப் பிடித்தபடி நின்றார். புற்றுநோய் என்ற வார்த்தையை அவர் அன்றைக்கு என்னிடம் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். ஒரு பெரிய மிஷினுக்குக் கீழே படுக்கவைத்து, கண்ணுக்குத் தெரியாத கதிரைக் கட்டியின்மேல் விழச் செய்வதற்கு ஆஸ்பத்திரியில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், முப்பது தடவை. பத்து நாளில் வந்து சேரச் சொன்னார்கள். துணிமணி எடுக்க மலைக்குத் திரும்பினோம்.

எங்கள் சபையில் பெண்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் உண்டு. காய் பறிக்கிற பெண்கள்கூட வெறும் வயிற்றோடு காட்டுக்குப் போய், வேலை முடிந்து நேரே கோயிலுக்கு வந்து, ஜெபம் முடிந்த பிறகுதான் பாலில்லாத கட்டன் சாயா குடிப்பார்கள். பெரிய காரியம் ஒன்றுக்காக ஒருத்தி தனியாக ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டு பொருத்தனை செய்தால் அதை யாரிடமும் சொல்லக் கூடாது. எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, முகம் கழுவி, சாப்பிட்டவள் போலவே நடமாட வேண்டும். வெளியே தெரிந்தால் பலன் போய்விடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை எல்லாரும் போன பிறகு நான் மட்டும் முழங்காலில் இருந்தேன். "ஆண்டவரே, கடைசிக் கரண்ட் வைத்து முடிகிற நாள்வரை, பகலில் என் வாயில் அன்னமும் தண்ணீரும் படாது. அவளை எனக்குத் தாரும்." இவ்வளவுதான் சொன்னேன். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், மெர்சிக்குத் தோசை சுட்டேன்.

1974 ஜூன் மாதம், மழை பிடித்த வாரத்தில் நானும் மெர்சியும் பஸ் ஏறினோம். போடிமெட்டு தாண்டி இறங்கும்போது மழை எங்களுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. கீழே வெயில். மெர்சி ஜன்னலோரம் இருந்தாள். "அம்மா, போடி தெரியுது பாரு. தீப்பெட்டி அடுக்கி வச்ச மாதிரி இருக்கு. பாரும்மா!" நான் பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஏன் அந்த ஜன்னல் வழியாக அவளோடு சேர்ந்து எட்டிப் பார்க்கவில்லை என்று எத்தனையோ தடவை ஏங்கியிருக்கிறேன். உயிரோடு பக்கத்தில் இருந்த பிள்ளையை விட்டுவிட்டு, எங்கேயோ இருந்த சாவோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

பெண்கள் வார்டில் எங்கள் அடுத்த கட்டிலில் சரஸ்வதி என்று ஒரு பெண். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடலை விவசாயம் செய்கிற குடும்பம். அவளுக்குத் துணையாக அவளுடைய அக்கா மாராத்தாள் இருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு முதல் நாளே கேட்டாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, சீட்டுல கேரளான்னு போட்டிருக்குது. நீங்க மலையாளமுங்களா, தமிழுங்களா?"

"தமிழ்தான். இருக்கது கேரளத்துல."

"அட, நாங்களுந்தானுங்க! கெவுருமெண்டு காயிதமெல்லாம் மலையாளத்துல வருமுங்க. சண்டையெல்லாம் தமிழ்ல போட்டுக்குவோம்."

மெர்சி சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. புற்றுநோய் வார்டில் இருந்துகொண்டு எப்படி இவளால் முடிகிறது என்று உள்ளுக்குள் குறைப்படக்கூடச் செய்தேன்.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு, துணைக்கு இருப்பவர்கள் தட்டோடு சமையல்கட்டுக்குப் போய்ச் சோறு வாங்க வேண்டும். நான் தட்டை எடுத்துக்கொண்டு வார்டைவிட்டு வெளியே போவேன். சமையல்கட்டுக்குப் போகமாட்டேன். பின்பக்கக் குழாயடியில் கால்மணி நேரம் நின்று ஜெபிப்பேன். பிறகு காய்ந்த தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பி வருவேன்.

"சாப்ட்டியாம்மா?" என்பாள் மெர்சி.

"சாப்ட்டாச்சு. இன்னைக்குக் கத்தரிக்கா சாம்பார்."

பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லும் பிள்ளைகளைப் பெஞ்சில் ஏற்றி நிறுத்துகிறவள் நான். தினமும் ஒரு குழம்பின் பெயர் சொன்னேன்.

பத்தாவது கரண்டுக்கு மேல் மெர்சியின் தொண்டை வெந்துபோயிற்று. எச்சில் விழுங்கினாலும் முள் குத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். பின்கழுத்தில் முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. வார்டில் ஒரு மலையாளத்து நர்ஸ் உண்டு. "எந்தா மோளே, பாலு குடிச்சில்லே?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். டம்ளர் காலியாகத்தான் இருக்கும். முட்டையும் ரொட்டியும்கூடக் காலியாகிவிடும். ஆனால் பிள்ளை இளைத்துக்கொண்டே போனாள். நோய்தான் அவளைத் தின்கிறது என்று நினைத்தேன். எனக்கும் நடந்தால் கண் இருட்டிற்று. அவள் தலைமாட்டில் இருந்தபடி, அவள் சொல்வது காதில் விழாமல், மனத்துக்குள் ஜெபித்துக்கொண்டே இருப்பேன். "அம்மா, ஒன்னயத்தான் கூப்புடுதேன்" என்று அவள் என் முழங்கையை இழுப்பாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வந்தார். தோட்டத்திலிருந்து கப்பக்கிழங்கு அவித்து, குழைய மசித்து, தூக்குச் சட்டியில் கொண்டுவந்திருந்தார். மெர்சிக்கு உயிர் அது. மூடியைத் திறந்ததும் எங்கள் வீட்டு அடுப்படி வாசனை வந்தது.

"நீ தின்னுட்டி" என்றார்.

"நான் இப்பத்தான்ப்பா சாப்புட்டேன். அம்மாவுக்குக் குடுங்க."

"நான் மத்தியானமே சாப்ட்டாச்சு. நீங்க சாப்பிடுங்க. பஸ்ஸுல வந்திருக்கீங்க."

"நான் பொள்ளாச்சியில எறங்கிச் சாப்ட்டுத்தான் வாறேன்" என்றார் அவர். சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது.

மாராத்தாள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூணு பேருக்கும் வகுறு நெறஞ்சுபோச்சுங்களா? அப்பறம் இந்தக் கெழங்கு என்னத்துக்கு மலையேறி எறங்கி வந்துச்சுங்க? இங்க குடுங்க, நானே உங்கறேன்." எங்கள் கண்ணெதிரிலேயே ஒரு கை எடுத்து வாயில் போட்டாள். "உப்பு கொஞ்சம் கம்மிங்க" என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை எடை பார்த்தார்கள். வந்தபோது முப்பத்தெட்டு கிலோ இருந்தவள் முப்பத்து மூன்று. டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இதற்குமேல் குறைந்தால் உடம்பு கரண்டைத் தாங்காது, நிறுத்திவிடுவேன், பாதியில் நிறுத்தினால் இதுவரை வைத்ததும் வீணாகிவிடும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவர் சொல்கிற மாதிரி சொன்னார். ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

என் புத்தி எப்படிப் போயிற்று என்று இப்போது நினைத்தால் நடுக்கமாக இருக்கிறது. என் உபவாசம் போதவில்லை என்று முடிவுகட்டினேன். இருட்டிய பிறகு உண்டுவந்த சோற்றையும் விட்டேன். ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீர் மட்டும். எங்கள் சபைப் போதகர் ஐயருக்கு ஒரு கடிதம் எழுதினேன். "ஐயா, நான் இப்படி ஒரு பொருத்தனை செய்திருக்கிறேன். பிள்ளை தேறவில்லை. என் பொருத்தனையில் ஏதாவது குறை உண்டா?" மலைக்குக் கடிதம் போய்ப் பதில் வர ஒரு வாரத்துக்கு மேலாகும்.

புதன்கிழமை மத்தியானம் வழக்கம்போலக் குழாயடியில் நின்றேன். பின்னால் மாராத்தாளின் குரல் கேட்டது.

"தட்டத்த நல்லாத் தேச்சுக் களுவுங்க டீச்சரம்மா. ஒண்ணுமே ஒட்டுலீங்களே, பாவம்."

நான் திரும்பவில்லை.

"மூணு வாரமாப் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன். நமக்கெதுக்கு, ஏதோ சாமி காரியமாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன். இன்னிக்குச் சொல்லாம இருக்க முடியலீங்க. நீங்க இங்க தட்டத்தக் களுவறீங்க. உள்ள உங்க புள்ள பாலை எந்தங்கச்சி டம்ளர்ல ஊத்துது. முட்டையையும் இவளுக்கேதான் குடுக்குது. இவகிட்ட கேட்டா, 'அக்கா, சொல்லிப்போடாதே'ங்கறா. ரொட்டி தலகாணிக்கடியில போகுது. ஆத்தாளும் மகளும் சேந்து யாரை ஏமாத்தறீங்க?"

நான் வார்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. மெர்சி உட்கார்ந்திருந்தாள். தலையணையைத் தூக்கினேன். காய்ந்துபோன ரொட்டித் துண்டுகள், ஒரு தாளில் சுற்றி.

"எதுக்குட்டி இப்படிப் பண்ணுத?"

"நீ மட்டும்?"

"நான் சாப்புட்டேம்லா."

அவள் என் வலது கையை இழுத்து மூக்கின் அருகே வைத்துக்கொண்டாள். "தெனமும் மோந்து பாக்கேன். சோப்பு வாசந்தாம்மா வருது. ஒருநாள்கூட சாம்பார் வாசம் வரல."

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"எனக்காகத்தான பட்டினி கெடக்க? அப்பாவும் அப்படித்தான். பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்காங்க, நீ பாக்கலையா? நான் முழுங்க முழுங்க நீங்க ரெண்டு பேரும் கரைஞ்சுட்டே போறீங்க. எப்படிம்மா எனக்கு எறங்கும்?" வெந்த தொண்டையால் மெல்லத்தான் பேசினாள். "அதான் நானும் ஒரு பொருத்தனை பண்ணிட்டேன். என்னால எங்கம்மா சாகக் கூடாதுன்னு. நீ திங்குத வரைக்கும் நானும் திங்கமாட்டேன்னு."

சகோதர சகோதரிகளே, என் மகள் செய்தது என்னிடமிருந்து கற்றதுதான். எண்ணெய் தேய்த்து, முகம் கழுவி, சாப்பிட்டவள் போல இருந்தாள். அவ்வளவு சரியாகக் கற்றிருந்தாள். நான் அவளுக்காகக் கடவுளிடம் பட்டினி கிடந்தேன், அவள் எனக்காக அதே கடவுளிடம் பட்டினி கிடந்தாள். நடுவில் அவள் உயிர் போய்க்கொண்டிருந்தது.

பொருத்தனையை முறிப்பது என்றால் எங்கள் ஜனங்களுக்கு என்ன பயம் என்று உங்களுக்குத் தெரியும். முறித்த வீட்டில் அடி விழும் என்பார்கள். ஐயரிடம் கேட்க வழியில்லை. கடிதம் அப்போது எந்தத் தபால் பையில் கிடந்ததோ. முழங்காலில் நிற்கவும் இடமில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, கண்ணைத் திறந்துகொண்டே சொன்னேன்: "ஆண்டவரே, முறிக்கிறேன். கோபமிருந்தால் என்மேல் இருக்கட்டும். இவள் சாப்பிட வேண்டும். வேறொன்றும் எனக்கு இப்போது கேட்கத் தெரியவில்லை."

சமையல்கட்டு மூடியிருந்தது. மாராத்தாள்தான் தன் பங்குச் சோற்றைக் குழையப் பிசைந்து, மோர் விட்டு, ஒரே தட்டில் கொண்டுவந்தாள். "டீச்சரம்மா மொதல்ல. அம்மணி பாத்துட்டுத்தான் உங்கும். நம்பிக்கையில்லாத புள்ள."

நான் ஒரு வாய் எடுத்தேன். பகல் வெளிச்சத்தில், மகள் பார்க்க, மென்று விழுங்கினேன். மெர்சி என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். அவளுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். விழுங்கும்போது அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பாள். கண்ணில் தண்ணீர் வரும். பிடி தளர்ந்த பிறகு அடுத்த வாய். அவள் உண்டது ஏழு வாய். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் நாளையைப் பற்றி நினைக்கவில்லை. எடையை நினைக்கவில்லை. அவளுடைய உதட்டோரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது, ஜன்னல் கம்பியின் நிழல் போர்வையில் விழுந்திருந்தது, அவள் கை சூடாக இருந்தது. இவையெல்லாம் தெரிந்தன. ஆறு மாதமாக நான் என் மகளோடு இருக்கவில்லை, அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தேன் என்று தோன்றிற்று. நான் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவள் தொண்டை அசைந்து சோறு உள்ளே இறங்கிற்று. அதுதான் பதில்.

அன்றைக்கே என் கணவருக்கு ஒரு கார்டு எழுதினேன். "நானும் மெர்சியும் சேர்ந்து சாப்பிடுகிறோம். நீங்களும் சாப்பிடுங்கள். பெல்ட்டில் இனி ஓட்டை போட வேண்டாம்." அவரும் ஒரு வேளை உணவை ஆண்டவருக்கென்று விட்டிருந்தார் என்பதைப் பிற்பாடுதான் ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை எடைக் கருவியில் மெர்சி ஏறினாள். நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் கிலோ கூடியிருந்தது. கால் கிலோதான். டாக்டர் சீட்டில் எழுதிவிட்டு, "சரி, தொடரலாம்" என்றார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு எல்லாம் சுலபமாயிற்று என்று எழுதினால் அது பொய். தொண்டை இன்னும் மோசமாயிற்று. கரண்ட் அறைக்குள் துணைக்கு யாரையும் விடமாட்டார்கள். கனத்த கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே அவள் தனியாக அசையாமல் படுத்திருக்க வேண்டும். அந்தச் சில நிமிஷம் கதவுக்கு வெளியே நின்று நான் செத்துச் செத்துப் பிழைப்பேன். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் மெர்சிதான்.

"அம்மா, ஞாயிறு பள்ளிப் பாட்டு ஒண்ணை நான் உள்ள மனசுக்குள்ள பாடுதேன். நீ வெளிய பாடு. ஒரு அடிக்கு மூச்சை இழுக்கணும், அடுத்த அடிக்கு விடணும். கதவு தெறக்கையில எந்த அடியில இருக்கோம்னு பாப்போம்."

மறுநாள் கதவு திறந்ததும் நான் ஓடிப்போய், "நாலாம் சரணம், ரெண்டாம் அடி" என்றேன்.

"நான் ரெண்டாம் சரணத்துலதாம்மா இருக்கேன். நீ பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரில்லா பாடுத!"

மெதுவாகப் பாடக் கற்றேன். மூச்சை இழுத்து, விட்டு. எத்தனையோ வருஷம் ஜெபித்தவள் நான். ஜெபத்துக்குள் மூச்சு விட இடம் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. இருபத்தேழாவது கரண்டில் ஒருநாள் இருவரும் ஒரே அடியில் இருந்தோம். அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை யாருக்கும் சொல்லி விளங்கவைக்க முடியாது.

சாயங்காலங்களில் மாராத்தாள் என்னை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போவாள். ஊரிலிருந்து விதைக்கடலை மூட்டை வந்திருக்கும். துணைக்கு இருக்கிற பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து தோல் உரிப்போம். அங்கே ஒரு சட்டம். யாரும் ஆஸ்பத்திரிப் பேச்சு பேசக் கூடாது. பேசினால் மாராத்தாளின் பங்குக் கடலையையும் சேர்த்து உரிக்க வேண்டும். முதல் நாள் எனக்குத்தான் தண்டனை. அரைமணி நேரம் மெர்சியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பது பாவம் என்று முதலில் நெஞ்சு அடித்துக்கொண்டது. திரும்பிப் போகும்போது மெர்சி என் முகத்தைப் பார்த்து, "இப்ப எங்கம்மா மாதிரி இருக்க" என்றாள். அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவில்லை.

முப்பது கரண்டும் முடிந்தது. கட்டிகள் அமுங்கிவிட்டன. ஆகஸ்டில் மலை ஏறினோம். ஐயர் பல நாள் தாமதித்து எழுதிய பதில் கடிதம் ஆஸ்பத்திரிக்குப் போய், நாங்கள் கிளம்பிய பிறகு திருப்பி அனுப்பப்பட்டு, வீட்டுக்கு வந்து சேர்ந்தது. என் கேள்விக்கு நேரான பதில் அதில் இல்லை. "அம்மா, எனக்கு விளங்கவில்லை. உங்களுக்காகத் தினமும் முழங்காலில் நிற்கிறேன்" என்று எழுதியிருந்தார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடிற்று.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கார்டு வந்தது. மாராத்தாளுக்கு எழுதத் தெரியாது. யாரையோ எழுதச் சொல்லியிருந்தாள். சரஸ்வதி போய்விட்டாள். எங்களோடு சேர்ந்து முப்பது கரண்ட் வைத்துக்கொண்டவள். என் மகளின் பாலைக் குடித்ததற்காக என்னிடம் அழுது மன்னிப்புக் கேட்டவள். அவளுடைய அக்கா எனக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தவள். என் ஜெபம் கேட்கப்பட்டது, மாராத்தாள் தன் சாமியிடம் கேட்டது என்னவாயிற்று? எனக்குத் தெரியாது. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு என்னால் நன்றி சொல்லி ஜெபிக்க முடியவில்லை. மறுவாரம் கொழிஞ்சாம்பாறைக்குப் போனேன். அவளோடு உட்கார்ந்திருந்தேன். "டீச்சரம்மா, சாப்புட்டுப் போட்டுத்தான் போகோணும்" என்றாள். சாப்பிட்டோம். அவள் சாப்பிடுகிறாளா என்று பார்ப்பதுதான் என் வேலை என்று அங்கே எனக்கு விளங்கிற்று.

இது நடந்து மூன்று வருஷமாகிறது. மெர்சி போடியில் விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள். பின்கழுத்தில் முடி சரியாக வளரவில்லை. சடையைத் தாழப் பின்னி மறைத்துக்கொள்கிறாள். பாடுகிறாள். பழைய குரல் திரும்பவில்லை. கொஞ்சம் கரகரப்பு. கோயிலில் மற்றப் பிள்ளைகள் பாடும்போது அந்தப் பழைய குரலைத் தேடி என் காது இன்றைக்கும் அலைகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டி வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் பத்து நாளைக்கு முன்பே எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிடும். இதுவரை நல்ல பதில்தான். ஆனாலும் நடுங்கும். விசுவாசம் உள்ளவளுக்கு நடுக்கம் வராது என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தாய்மாரே, தகப்பன்மாரே, என்னைப்போல் செய்யாதீர்கள். உங்களை வருத்திக்கொண்டால் பிள்ளைக்குச் சுகம் கிடைக்கும் என்று பேரம் பேசாதீர்கள். ஆண்டவர் அப்படிக் கேட்கிறவர் அல்ல என்பதை நான் அந்தத் தட்டுக்கு முன்னால் கண்டேன். பசித்தால் உண்ணுங்கள், பிள்ளை பார்க்க உண்ணுங்கள். கொஞ்ச நேரம் மரத்தடிக்குப் போங்கள், யாராவது கூப்பிட்டால் மறுக்காதீர்கள். நோயாளியாக இருக்கிறவர்களே, உங்கள் வீட்டாருக்குப் பாரமாக இருக்கிறோம் என்று உங்கள் பங்கை ஒளிக்காதீர்கள். ஜெபிக்க வார்த்தை வரவில்லையென்றால் ஒரு மூச்சை இழுத்து விடுங்கள். அதை அவர் வாங்கிக்கொள்வார். எனக்குச் செய்தார்.

இந்தத் தடவை சோதனைக்கு மெர்சி தனியாகப் போகிறேன் என்றாள். "எத்தனை நாளைக்கும்மா நீ கூடவே வருவ? பத்தொம்பது வயசாச்சு எனக்கு. நீ ஒன் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்து." என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

இன்று காலை பூப்பாறையில் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "போயிட்டு வாறேம்மா" என்றாள். பஸ் திரும்பி மறைந்த பிறகும் நான் ரோட்டிலேயே நின்றேன். அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்து, மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு நடத்தினேன்.

டாக்டரின் பதில் தெரிய இன்னும் நான்கு நாள் ஆகும். அது வருவதற்கு முன்பே இந்தச் சாட்சியை எழுதி முடிக்க வேண்டும் என்று நினைத்தேன். வந்த பிறகு எழுதினால், நல்ல பதில் வந்ததற்காகத்தான் நன்றி சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். இப்போது ஒன்றும் தெரியாது. என் பிள்ளை மலை இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறாள். கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அவருக்கு ஸ்தோத்திரம்.